பிணத்துக்கு நூற்றைம்பது வெள்ளி

பிரிக்பீல்ட்ஸ் வங்கியில்
என் எண் நாலாயிரத்துப் பதினேழு.
குளிர்சாதனத்துக்குக் கீழே
கோப்பை மடியில் வைத்துக்கொண்டு
ஒத்திகை பார்த்தேன்:
நிரந்தர வேலை உள்ளவன் எப்படி உட்காருவான்,
முதுகு எவ்வளவு நிமிரும்,
கடிகாரத்தை எப்போது பார்ப்பான்.

கண்ணாடிக்கு அப்பால் யுகேஸ்வரி.
கழுத்தில் தொங்கும் அட்டையில் பெயர்.
"மூணு மாசச் சம்பளச் சீட்டு இருக்கா சார்?"
இல்லை.
"சேமநிதி அறிக்கை?"
இல்லை.
"என்ன வேலை செய்றீங்க?"
சொன்னேன்.
அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.
"ஐயோ, போன வெள்ளிக்கிழமை செத்துட்டீங்களே!
எங்கம்மா ராத்திரி சாப்பிடவே இல்ல."

உண்மைதான்.
இந்த வருஷம் ஏழு முறை செத்திருக்கிறேன்.
காஜாங் நெடுஞ்சாலையில் லாரி மோதி,
மருமகள் கலந்த பாலைக் குடித்து,
மற்றதெல்லாம் மாரடைப்பு.
மாரடைப்புக்குத்தான் கூலி கூட, வசனம் இருக்கும்:
"பத்திரம்... பீரோவுல..."
வாயைத் திறந்தால் இருநூற்றெண்பது.
வெறும் பிணத்துக்கு நூற்றைம்பது.
மதியச் சோறு உண்டு, பெட்ரோல் கிடையாது.

வெள்ளிக்கிழமை செத்ததற்கு
வெள்ளி இன்னும் வரவில்லை.
தயாரிப்பாளருக்குத் தொலைக்காட்சி தரவேண்டும்,
தொலைக்காட்சிக்கு விளம்பரக்காரர் தரவேண்டும்,
விளம்பரக்காரர் விற்கிற சோப்பை
என் மனைவி கீழ்மாடிக் கடையில்
கடன் சொல்லி வாங்கி வந்திருக்கிறாள்.

அதை யுகேஸ்வரியிடம் சொல்லவில்லை.
கிள்ளான் கல்யாணங்களில் ஒலிவாங்கி பிடிப்பதை,
தீபாவளிக்கு முந்திய ஆறு வாரம்
மஸ்ஜித் இந்தியா துணிக்கடைக்குக் குரல் கொடுப்பதை,
மற்ற இரவுகளில் மோட்டார் சைக்கிளில்
யாருடைய கோழியையோ முதுகில் சுமப்பதை
சொன்னேன்.
எல்லாவற்றையும் தட்டச்சு செய்தாள்.
பிறகு மெல்ல அழித்தாள்.
'தொழில்' என்ற கட்டத்தில்
வழக்கறிஞர் இருந்தது, வெல்டர் இருந்தது,
கடைசியில் 'மற்றவை' இருந்தது.
மற்றவையை அழுத்தினாள்.
திரை கொஞ்ச நேரம் யோசித்தது.
மற்றவைக்கு வீட்டுக் கடன் இல்லையாம்.

"அம்மாவுக்கு ஒரு படம் எடுத்துக்கலாமா சார்?"
எடுத்துக்கொண்டோம்.
நான் உயிரோடிருப்பது
அந்த அம்மாவுக்கு இன்று தெரிந்துவிடும்.
சாப்பிடட்டும்.

மதியம் செகாம்புட்டில் எட்டாவது சாவு.
வாடகைக்கு எடுத்த வீட்டின் கூடம்.
மூக்கில் பஞ்சு, கால் பெருவிரல்களில் கட்டு,
நெற்றியில் ஐம்பது காசு,
கலை இயக்குநருடையது, திருப்பித் தரவேண்டும்.
என்னைச் சுற்றி ஒன்பது பேர் அழுகிறார்கள்,
எல்லாரும் நாள்கூலி.
லோகாம்பாள் அக்கா மட்டும் கண்ணில் மருந்து விடாமல் அழுவார்.
கேட்டால், வாடகை தேதி என்பார்.

"வயிறு ஏறி இறங்குது!" இயக்குநர் கத்துகிறார்.
மூச்சை உள்ளே பிடித்துக் கணக்குப் போடுகிறேன்.
செந்தூல் வீட்டு வாடகை எழுநூறு,
பள்ளி வேன் நூற்றிருபது,
மோட்டார் சைக்கிளுக்கு டயர்...
"அப்படியே, அப்படியே! பிரமாதம்!"

மணி நாலு.
இந்த ஊரில் சொன்ன தேதிக்குப் பணம் வராது,
சொன்ன நேரத்துக்கு மழை வரும்.
தகரக் கூரையில் அது இறங்கியதும்
ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைக் கழற்றி வைத்தார்.
காத்திருந்தோம்.
ஐந்து. ஐந்தே முக்கால்.
தயாரிப்பாளரின் ஆள் வாசலில் நின்று
வானத்தின் தாயை இழுத்துத் திட்டினான்.
பிறகு உள்ளே வந்து சொன்னான்:
"சரி, மிச்சத்தை நாளைக்கு எடுப்போம்.
பிணம் நாளைக்கும் வரணும்."

இன்னொரு நூற்றைம்பது.

லோகாம்பாள் அக்கா என் பக்கம் திரும்பாமல்
முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.
நான் அசையவில்லை.
கேமரா ஓடாவிட்டாலும்
கிடத்தி வைத்தவன் சிரித்தால்
பார்க்க நன்றாக இருக்காது.

எழுந்ததும் நெற்றிக்காசை
மறக்காமல் கொடுத்துவிட்டேன்.